நெடுங்கரை, பதிவேடு 31

கட்டிலுக்கடியில் முப்பத்தெட்டு வருஷமாக
என்னோடு குடித்தனம் நடத்தியவை இந்தப் பெட்டிகள்.
பூட்டுத் தகட்டில் என் கால்விரல் இடித்த கணக்கு
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

போன மாதம் மங்கை ஓசூரிலிருந்து
ஸ்கேனர் வாங்கி அனுப்பினாள்.
அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு,
நீதாம்மா செய்யணும்.
சரி.
திருத்துறைப்பூண்டி கோர்ட்டு வாசலில்
இருபத்தாறு வருஷம் டைப் அடித்தவள்.
காகிதத்தை நேராக வைக்கத் தெரியும்.

முதல் வாரம் வரைபடங்கள்.
சிவப்பு லீவர் சிக்னலுக்கு, கறுப்பு பாயிண்டுக்கு,
நீலம் பூட்டுக்கு,
எதற்குமில்லாமல் வெள்ளையில் ஒன்று: உபரி.
கேபினை இடித்த கான்டிராக்டர்
டீ அடுப்புக்குச் சுருட்டி வைத்திருந்தானாம்.
இவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து மீட்டார்.
அது சிலிண்டருக்கு வைத்திருந்த ஐந்நூறு.

அப்புறம் வண்டிப் பதிவேடுகள்.
இராமபாணம் துளைத்த தாள், உப்புக்காற்றில் பழுத்த ஓரம்.
பச்சைக் கண்ணாடி போட்டுப் படுத்துக்கொண்டு
கேட்டது, கொடுத்தது, புறப்பட்டது, வந்தது,
நாலு பத்தியும் தெரியுதா என்பார்.
தெரியுது.
எனக்குப் பிடித்தது ஐந்தாவது, குறிப்புப் பத்தி.
இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறார்.
நான் தமிழில் படித்துக்கொள்வேன்:
அவுட்டர் விளக்கு அணைந்தது, மறுபடி ஏற்றப்பட்டது.
கேட்டில் நெல் வண்டி, ஏழு நிமிஷம்.
பாயிண்டில் நண்டு. அகற்றப்பட்டது.

லைன் கிளியர் கொடுக்கும்போது கூடவே ஓர் எண் சொல்வார்களாம்.
பிரைவேட் நம்பர்.
கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
சொன்னவர் சீட்டில் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும்.
ஒரு தடவை வாக்குக் கொடுத்த எண்
மறுபடி உதவாது.

செவ்வாய்க்கிழமை, முப்பத்தொன்றாவது பதிவேடு.
எண்பத்து நாலு, டிசம்பர் ஒன்பது.
இந்தத் தேதி எனக்குத் தெரியும்.
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் கணுக்கால் தண்ணீர்.
விடியக்காலை நாலு மணிக்கு மங்கை.
இவர் மறுநாள் மத்தியானம் வந்தார்,
ரிலீஃப் இல்ல, கூட்ஸ் கிராஸிங், என்று.
நாற்பது வருஷம் ரயில்வேயைத்தான் திட்டினேன்.

வெளிச்சம் கண்ணாடிக்கடியில் நகர்ந்து முடிந்தது.
திரையில்:
21.40. பொறுப்பு ஒப்படைத்தேன்.
கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு எனக்குத் தெரிந்த வால்.
பெற்றுக்கொண்டேன், எஸ். சூசைநாதன்.
அதற்குக் கீழே காலை ஆறு வரைக்கும்
நாலு பத்தியும் வெள்ளை.
கூட்ஸ் இல்லை. கிராஸிங் இல்லை.

அறுநூறு புள்ளியில் இன்னொரு முறை எடுத்தேன்.
மை ஒரே மையா என்று பார்த்தேன்.
கோர்ட்டுப் புத்தி.
ஒரே மைதான்.

நெடுங்கரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்பது மைல்.
நடந்தாலும் விடிவதற்குள் வந்திருக்கலாம்.
எட்டு மணி நேரம் ஒரு மனுஷன்
எந்த லூப் லைனில் நின்றான்?

என்ன, நின்னுடுச்சா?
மிஷின் யோசிக்குது.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்றை விட்டால்
யார் கேட்பார்கள்.
இவர் கேட்பார்.
ஓரம் வெட்டாமல், கறை துடைக்காமல்
நெடுங்கரை, முப்பத்தொன்று, எண்பத்தெட்டு
என்று பெயர் கொடுத்துச் சேமித்தேன்.
மங்கைக்கும் ஒரு பிரதி போகும், எல்லாப் பக்கங்களையும் போல.

சூசைநாதன் யாரு, என்றேன்.

மின்விசிறி இரண்டு சுற்று தட்டியது.
காரைக்குடி வண்டி ஊதிக்கொண்டு ஊரைக் கடந்தது.

பக்கம் என்ன, என்றார்.
எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டு,
என்று திருப்பிச் சொன்னார்,
அந்தக் காலத்து டெலிபோன் குரலில்.

நான் இன்னும் அடிக்கவில்லை.